சலவை அறையில் சொல்லாமல் எடுத்த படம்

ஒருவரைப் புகைப்படம் எடுக்கும்போது சொல்லிவிட்டு எடுக்க வேண்டுமா, சொல்லாமல் எடுக்க வேண்டுமா? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் புகைப்படப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவள் நான். அந்தச் சான்றிதழ் ராஜபாளையத்தில் அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நான் சுவிட்சர்லாந்தில் ஒரு கையில் கேமராவும் மறு கையில் மூன்று வயதுப் பெண் குழந்தையுமாக நின்றுகொண்டு இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி எழுந்த இடம் துணி துவைக்கும் அறை. இந்த நாட்டின் அடுக்குமாடி வீடுகளில் நினைத்த நாளில் துணி துவைக்க முடியாது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஊரில் இருப்பவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கட்டிடத்தின் அடித்தளத்தில் ‘வாஷ்கூஹெ’ என்று ஒரு சலவை அறை உண்டு. அதற்கு ஒரே சாவிதான். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்து ஒரு நாள். நம் நாள் முடிந்ததும் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். ராஜபாளையத்தில் குழாயில் தண்ணீர் வரும் நாள்தான் எங்களுக்குத் துவைக்கும் நாள். தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடுவோம். இங்கே எந்நேரம் திறந்தாலும் தண்ணீர் வருகிறது, வெந்நீர்கூட வருகிறது. ஆனால் துவைக்க நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் முறை இல்லாத நாளாகப் பார்த்துத்தான் என் மகள் கோமு மெத்தையில் வாந்தி எடுப்பாள். நான் போர்வையைக் குளியல் தொட்டியில் போட்டு, அடித்துத் துவைத்தால் கீழ் வீட்டுக்குக் கேட்குமோ என்று பயந்து, சத்தமில்லாமல் பிசைந்துகொண்டிருப்பேன். இது சட்டப்படி குற்றமா என்று கணவரைக் கேட்டேன். அவர் ராஜபாளையத்து நூல் மில்லிலிருந்து இங்கே நூற்பு இயந்திரம் செய்யும் தொழிற்சாலைக்கு வந்த பொறியாளர். இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். இதற்கு, “தெரியலையே, எதுக்கும் கதவ சாத்திக்கோ” என்றார்.

அந்தக் கீழ் வீட்டில் இருப்பவர்தான் ஃப்ராவ் கெல்லர், நம் ஊர்ப்படி கெல்லர் அம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார், காலையில் ரொட்டிக் கடையில் வேலை. இயந்திரத்தில் சேரும் பஞ்சை எப்படி எடுப்பது, துவைத்து முடித்ததும் அதன் உள்பக்கத்தை எப்படித் துடைத்து வைப்பது என்று எனக்குச் சைகையில் காட்டிக் கொடுத்தவர். பிறகு நான் ஜெர்மன் வகுப்புக்குப் போகும் மதியங்களில் கோமுவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். கோமு அவரைக் ‘கெல்லக்கா’ என்று கூப்பிடுவாள். அது அவருடைய பெயர்தான் என்று அவரும் நினைத்துக்கொண்டார். இந்தக் கட்டிடத்தில் எங்களோடு நின்று பேசுகிற ஒரே ஆள் அவர்.

போன இலையுதிர்காலத்தில் எங்கள் பகுதி மன்றத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். புதிதாகக் குடியேறியவர்கள் தங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது செய்து கொடுத்தால் வசந்தகாலத்தில் மன்றத்துக் கூடத்தில் கண்காட்சியாக வைப்பார்களாம். நான் புகைப்படம் படித்திருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மன்றத்தை நடத்தும் உர்சுலா என்ற பெண் உடனே என் பெயரை எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏன் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் எனக்கென்று எதையும் செய்ததில்லை. வேண்டாம் என்று யாரும் தடுக்கவும் இல்லை. கோமுவுக்குச் சளி, மாமியாருக்குக் கடிதம், வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று நாள் போய்விடும். இதை விட்டால் இன்னொன்று வராது என்று தோன்றியது. பெட்டியின் அடியில் கிடந்த என் பயிற்சிக் கோப்பை எடுத்துச் சமையல் மேசையில் விரித்தேன். அன்று செய்த பாடங்களைப் பார்த்தால் இன்று என்ன செய்வது என்று ஒரு வழி தெரியும் என்ற நம்பிக்கைதான்.

எண்பதுகளின் கடைசி அது. பட்டம் வாங்கிவிட்டேன், மாப்பிள்ளை அமையவில்லை. சும்மா இருக்கக் கூடாது என்று தையலும் தட்டச்சும் முடித்துவிட்டேன். மூன்றாவதாக மாட்டியதுதான் பெண்களுக்கான புகைப்படப் பயிற்சி. சனிக்கிழமை தோறும் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவேன். வகுப்பு ஒரு பால்கோவா கடையின் மாடியில் நடந்தது. கீழே பால் சுண்டும் வாசனை இருட்டறைக்குள்ளும் வந்து மருந்து வாசனையோடு கலந்துகொள்ளும். இப்போதும் இங்கே படம் கழுவிக் கொடுக்கும் கடைக்குள் நுழைந்தால் எனக்கு இனிப்பு தின்ன வேண்டும் போல இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு ஃபிலிம் ரோல். எனக்கு ஜோடியாக வந்தவள் ஜெரினா. அந்த ஊரிலேயே ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் தங்கை. வாய்க்குப் பயந்து அவளோடு யாரும் ஜோடி சேராததால் எனக்குக் கிடைத்தாள்.

முதல் பாடம், பக்கத்து வீட்டு மனிதர். நான் எங்கள் பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். அக்கா அப்போது வாசலில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நல்ல வெளிச்சம், சிவந்த மிளகாய், நரைத்த முடி எல்லாம் அப்படியே படமாக இருந்தது. ஆனால் கேமராவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“செத்த இரு, வாரேன்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானும் ஜெரினாவும் வாசலில் நின்றோம். உள்ளே குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. வெயில் வாசலை விட்டு நகர்ந்து எதிர் வீட்டுச் சுவருக்கே போய்விட்டது. கடைசியில் அக்கா கல்யாணப் பட்டுப்புடவையில் வந்தார், முகம் முழுக்கப் பவுடர். பின்னால் அவர்களுடைய வெள்ளை நாய், குளித்து, நெற்றியில் குங்குமப் பொட்டோடு நடந்து வந்தது. ராஜபாளையத்து நாய்க்கே உரிய அந்த மிடுக்கு கொஞ்சமும் குறையவில்லை.

ஜெரினா என் காதோரம் குனிந்தாள். “ஏட்டி, பொண்ணு பாக்க வந்துருக்கோம்னு சொல்லிட்டியா? அவிய ரெடியாயிட்டாக. நாயிக்குத்தான் சம்மதமான்னு கேக்கணும்.”

அக்கா, நாய் இருவரும் நேராக நின்று கேமராவைப் பார்த்த அந்தப் படத்துக்கு எங்கள் ஆசிரியர் பாஸ்கர் சார் சிவப்பு மையில் ‘கல்யாண ஆல்பம்’ என்று எழுதினார். அவர் மதுரையிலிருந்து வருகிறவர், எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பை நிறையக் கொண்டு வந்து எங்கள் முன் விரிப்பார்.

“பாருங்க. வெளிநாட்டுல யாராவது கேமராவப் பாக்குறாங்களா? அவங்க பாட்டுக்கு அவங்க வேலையப் பாக்குறாங்க. அதுதாங்க படம்” என்றார்.

ஜெரினா மட்டும், அவர்கள் எல்லாரும் அப்போது தலை சீவியிருந்தார்களா என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

அடுத்த பாடம் வெள்ளை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, வெட்டவெளியில் காயப் போடுவார்கள். வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசும். ஆசையாக எடுத்தோம். கழுவிப் பார்த்தால் எல்லாம் அழுக்கு வேட்டி நிறத்தில் வந்திருந்தது. நிறைய வெள்ளை இருந்தால் கேமராவின் வெளிச்சக் கருவி ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், நாம்தான் அது சொல்வதைவிடக் கூடுதலாகத் திறந்து வைக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். இங்கே முதல் பனி விழுந்ததும் தெரு முழுக்கப் பேண்டேஜ் துணி விரித்த மாதிரி இருந்தது. கூடுதலாகத் திறந்து வைத்து எடுத்தேன். பனி வெள்ளையாகவே வந்தது. கணவரின் அலுவலக நண்பர்களுடைய பனிப் படங்கள் எல்லாம் சாம்பல் நிறம். அவர் என் படத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டினார். சத்திரப்பட்டிக்கு அன்று நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

மூன்றாவது பாடம்தான் இத்தனை வில்லங்கத்துக்கும் காரணம். ஆளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஜெரினா கைநிறையத் துணி மூட்டையோடு என் முன்னால் நின்று மறைத்துக்கொள்ள, அவள் முழங்கைக்குக் கீழே கேமராவை வைத்து எடுத்தேன். வத்திராயிருப்புப் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண் மாங்காய்க் கூடையில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாஸ்கர் சார் அந்தப் படத்தை உயர்த்திப் பிடித்து வகுப்பு முழுவதற்கும் காட்டினார். என் வாழ்க்கையில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் என் வேலையை ஒருவர் உயர்த்திப் பிடித்தது அது ஒருமுறைதான். அன்றே முடிவாகிவிட்டது, நல்ல படம் என்றால் சொல்லாமல் எடுத்த படம்.

அதனால் கோமுவையும் அப்படியே எடுத்து அம்மாவுக்கு அனுப்பி வந்தேன். ஜன்னல் வழியே பனி பார்க்கும் கோமு, காலுறையோடு போராடும் கோமு, ரொட்டித் துண்டை யோசனையாகப் பார்க்கும் கோமு. நன்றாகத்தான் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்பம்மா அக்கா வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தபோது அம்மா வந்து பேசினாள்.

“ஏம்மா, பிள்ளைக்கு மேலுக்கு ஒன்னும் இல்லையே?”

நன்றாக இருக்கிறாள் என்றேன்.

“பொறவு ஏன் ஒரு படத்துலகூட நேராப் பாக்கல? ஒன்னுல சன்னலப் பாக்கா, ஒன்னுல தரையப் பாக்கா. கூட வெளையாட ஆளில்லாத பிள்ள மாதிரில்லா இருக்கு.”

அப்போது கோமுவோடு விளையாட ஆள் இல்லை என்பது உண்மைதான். அம்மா அந்தப் படங்களில் ஒன்றைக்கூடச் சுவரில் மாட்டவில்லையாம். கோமுவின் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் ஒன்று ஊரில் மிஞ்சியிருந்தது. அதை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். காது இரண்டும் தெரிய, மிரண்டு போய், சிரிக்காமல் நேராகப் பார்க்கும் படம். அதில்தான் பிள்ளை தன்னைப் பார்க்கிறதாம்.

இதற்குப் பிறகாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் மன்றத்துக் கூடம் அம்மாவின் சுவர் இல்லையே. இது பத்திரிகைகளில் பார்த்த நாடு, இங்கே யாரும் கேமராவைப் பார்க்க மாட்டார்கள், பார்க்காமல் எடுப்பதுதான் இவர்களுக்குப் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் கட்டிடத்துச் சலவை அறையையே என் பாடமாக எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் முறை நாளில் அங்கே தனியாக நிற்பார்கள். அந்த நேரத்து முகம் வேறு எங்கும் தெரியாது.

ஃப்ராவ் கெல்லரின் முறை நாளில் கூடையை எடுக்க வந்தவள் போலக் கீழே போனேன். வெளியே பனி. தரை மட்டத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியே வெளிச்சம் கொடியில் தொங்கிய வெள்ளை விரிப்புகள் மேல் விழுந்து அறையே பால் மாதிரி இருந்தது. கெல்லர் ஒரு தலையணை உறையை, காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. கூடுதலாகத் திறந்து வைத்து அழுத்தினேன்.

அமைதியான அறையில் கேமராவின் சத்தம் தாழ்ப்பாள் விழுந்த மாதிரி கேட்டது. அவர் திரும்பி, என்ன செய்கிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில், அழகு, மிக அழகு என்று சொன்னேன். அவர் உறையை மடித்தார், கூடையை எடுத்தார், போய்விட்டார். மறுநாள் படிக்கட்டில் நிறுத்தி, இங்கே இப்படிச் செய்வதில்லை, கேட்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். கோபத்தில் கத்தியிருந்தால் தேவலை. அந்த வாரம் மதியங்களில் தனக்கு வேலை இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். நான் ஜெர்மன் வகுப்புக்குப் போகவில்லை. கோமு அவர் கதவருகில் போய் உட்கார்ந்துகொண்டு கெல்லக்கா, கெல்லக்கா என்று கூப்பிடுவாள். நான் அவளை இழுத்துக்கொண்டு மேலே வருவேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்கும், கதவு திறக்காது. ஒரு படத்துக்காக என் பிள்ளைக்கு இருந்த ஒரே ஆளையும் இழந்துவிட்டேன் என்று தோன்றியது.

படம் கழுவி வந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். படத்தையும் நெகட்டிவையும் அவரிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிறகு கணவரைக் கேட்டேன். படத்தைக் கொடு, நெகட்டிவை எதற்குக் கொடுக்க வேண்டும் என்றார். அது வெறும் சாமர்த்தியம் மாதிரி தோன்றியதால் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் மணியை அழுத்தினேன். கோமுவையும் கூட்டிப் போனேன். அவளை முன்னால் நிறுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ராவ் கெல்லர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைத் தலைக்குக் கொண்டு போய்ப் பின்பக்கத்து முடியைத் தடவினார்.

“தலை சீவவே இல்லை. சொல்லியிருக்கலாமே நீ” என்றார், ஜெர்மனில்.

எனக்கு ஒரு நொடி ராஜபாளையத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். சுப்பம்மா அக்காவையும் நாயையும் என் அரைகுறை மொழியில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது, நாய்க்கு நெற்றியில் பொட்டு வைத்ததைச் சைகையில் காட்டியபோது அவரும் சிரித்துவிட்டு, படத்தையும் நெகட்டிவையும் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோமு உள்ளே போய் அவருடைய நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த முறை நாளில் சொல்லிவிட்டு எடுத்தேன். ஃப்ராவ் கெல்லர் நீல நிறக் கோட்டும் பாவாடையும் அணிந்து, உதட்டுச் சாயம் பூசி, மார்பில் அலங்கார ஊசி குத்தி, சலவை இயந்திரத்தின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். இயந்திரத்தையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். செய்தி கட்டிடம் முழுக்கப் பரவியது. இரண்டாம் மாடிப் போர்ச்சுகல் தம்பதி அவர்களுடைய நாளில் தேவாலயத்துக்குப் போகும் உடையில் வந்தார்கள். அதுவரை வணக்கம் சொல்லாத மூன்றாம் மாடிக்காரர் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து, துவைப்பதற்கு இருந்த துணிக்கூடையைக் கால் பக்கம் சரியாக வைத்துக்கொண்டார். எல்லாரும் நேராக என்னைப் பார்த்தார்கள்.

படங்களை மன்றத்துக்கு எடுத்துப் போனேன். உர்சுலா ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்பாகத்தான் சொன்னார், எல்லாரும் விறைப்பாக நிற்கிறார்களே என்று. எனக்குச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. பிறகு கோப்பிலிருந்து தலையணை உறைப் படம் நழுவியதும் அதை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. இதைப் பெரிதாக்கி வாசலுக்கு எதிரே மாட்டலாம், மற்றவை பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

ஃப்ராவ் கெல்லரிடம் இந்த முறை முதலில் கேட்டேன். அவர் கேமராவைக் காட்டி, எப்படி அழுத்துவது என்று கேட்டார். எங்கள் துவைக்கும் நாள் அது. நான் ஈரத்துணியை இறக்கிக்கொண்டிருந்தேன். அளவெல்லாம் சரி செய்து கையில் கொடுத்தேன். இப்போது நீ நில் என்றார். நான் நைட்டியில் இருந்தேன். மேலே கணவரின் பழைய ஸ்வெட்டர், காலில் அவருடைய காலுறை. ‘மோமென்ட்’, அதாவது ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, கைகளால் நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சலவை அறைச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு படியேறி ஓடினேன். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன், கேமராவிலிருந்து தாழ்ப்பாள் விழுந்த மாதிரி சத்தம் கேட்டது.

அதன் பிறகு நான் சின்னாளப்பட்டுச் சேலை கட்டி, கோமுவுக்குத் தலை வாரி, கன்னத்தில் மை வைத்துக் கீழே வந்ததும் அவர் பொறுமையாக இன்னொரு படமும் எடுத்தார். அதில் நாங்கள் இருவரும் நேராகப் பார்க்கிறோம். பின்னால் இருக்கும் இயந்திரத்தைக் கையால் மறைத்துவிட்டால் ராஜபாளையத்து ஸ்டுடியோவில் எடுத்தது என்றுதான் யாரானாலும் சொல்வார்கள். அம்மாவுக்கு அதைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம்.

ஃப்ராவ் கெல்லரின் நிபந்தனை ஒன்றுதான். தன்னுடைய தலை சீவாத படம் கூடத்தில் தொங்கினால் என்னுடைய படிக்கட்டுப் படமும் பக்கத்தில் தொங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் வேண்டாம். நியாயமான பேச்சு, அதனால்தான் தூக்கம் போய்விட்டது. நைட்டியோடு தெருக்கோடிக் கடைக்குப் போவதென்றால்கூட மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிற ஊர் நம்முடையது. திறப்பு நாளன்று என் கணவரோடு வேலை செய்யும் ராஜபாளையத்துக்காரர் குடும்பத்தோடு வருகிறார், அடுத்த மாதம் ஊருக்கும் போகிறார். அவர் மனைவி அம்மாவிடம் சொல்லாமல் இருக்கமாட்டார். கணவரைக் கேட்டேன். படம் நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஸ்வெட்டராவது வேறு போட்டிருக்கலாம் என்றார்.

நானும் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்தப் படத்தில் நான் சிரிக்கிறேன். அப்படி நான் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது. சேலைப் படத்தில் இருக்கும் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும், அவள் அம்மாவின் மகள். இவள் யார் என்று தெரியவில்லை, ஆனால் இந்தக் கட்டிடத்தின் படிகள் இவளுக்குப் பழகியிருக்கின்றன. கோமுவிடம் இரண்டையும் காட்டி எது அம்மா என்று கேட்டேன். இரண்டிலும் கை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள், கெல்லக்கா வீட்டுக்கு.

உர்சுலாவுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். இங்கே என்னைப் போலக் குடியேறி இருப்பவர்களும் சொல்லுங்கள், ஊரில் மகளைத் தூரதேசம் அனுப்பிவிட்டு அவள் படங்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார்கள் கட்டாயம் சொல்லுங்கள். கால்கள் மேல்படியை நோக்கியும் முகம் கீழே திரும்பியும், பல்லிடுக்கில் சாவியோடு, நைட்டியில் சிரித்துக்கொண்டு நிற்கும் இந்தப் பெண் உங்கள் மகளாக இருந்தால் அவளை நாலு பேர் பார்க்கச் சுவரில் மாட்ட விடுவீர்களா? யோசித்து எழுதுங்கள்.